உமிமேட்டுச் சாமியிடம் லைன் கிளியர் வாங்கியது

எங்கள் தெரு ஜரிகைக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கோயில் யானை பந்தலுக்குள் புகுந்து, வாசலில் கட்டியிருந்த வாழை மரம் இரண்டையும் தின்றுவிட்டு, மாப்பிள்ளை கழுத்து மாலையையும் இழுத்துத் தின்றதே, அதே வருஷம்தான் இது நடந்தது. இங்கிலீஷ் வருஷம் கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்சம் தள்ளி. பெரிய காஞ்சிபுரத்தில் என் வயசுக்காரர்களைக் கேளுங்கள், யானை மாலை தின்ற வருஷம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை அப்படியே விறைத்துப் போய் நின்றான். பெண்தான் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து மாமியார்க்காரி...

இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்குப் படிப்பு கிடையாது. "மாமா, யானையை வுட்டுட்டு கரண்டு விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன்.

போன மாதம் எங்கள் மொட்டைமாடியில் சோலார் பலகை மாட்ட ஆட்கள் வந்தார்கள். போனில் என்னமோ தட்டினார்கள், மனு போய்விட்டது என்றார்கள். கனெக்ஷன் சீக்கிரம் வந்துவிடுமாம். "உங்க காலத்துல எவ்ளோ நாள் ஆவும் பெரியவரே?" என்று ஒருவன் கேட்டான். நாள் கணக்கில் சொல்ல முடியாதப்பா, சாமி கணக்கில்தான் சொல்ல முடியும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அதனால்தான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் மின்சார இலாகாவில் கம்பம் நடப் பள்ளம் தோண்டுகிற கூலியாளாகச் சேர்ந்தவன். அப்புறம் ஹெல்பர், அப்புறம் வயர்மேன், கடைசியில் லைன் இன்ஸ்பெக்டராக வெளியே வந்தேன். என் பெயர் கன்னியப்பன். கம்பத்தில் ஏறக் கற்றது, விழுந்தது, மறுபடி ஏறியது எல்லாம் எல்லா லைன்காரனுக்கும் உள்ளதுதான். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன்.

எனக்கு வாய்த்த அதிகாரிகளில் ஏ.ஈ., அதாவது உதவி இன்ஜினியர், ராகவன் சாரைப் போல ஒருத்தரைப் பார்த்ததில்லை. சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் டெஸ்டர். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "வாரும் ஓய்" என்பார். தப்பு செய்துவிட்டால் "வாங்கோ, உட்காருங்கோ, தீர்த்தம் சாப்பிடறேளா?" என்பார். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் எங்களுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

லைன் கிளியர் விஷயத்தில் அவர் எமன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் சப்-ஸ்டேஷன் ஆபரேட்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் சுவிட்சைத் திறந்து, பூட்டி, ஒரு நம்பர் சொல்வார். கேட்டவன் அந்த நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் கம்பியில் கரண்டு இல்லை என்று பார்த்து, கம்பியைத் தரையோடு சேர்க்கிற எர்த் மாட்டி, அதற்கு மேல்தான் ஏணி. வேலை முடிந்ததும் எர்த்தை எடுத்துவிட்டு, ஆட்கள் எல்லாம் இறங்கியாகிவிட்டது என்று அதே நம்பரைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் வாங்கினானோ அவன்தான் திருப்பித் தர வேண்டும். அவன் பெண்டாட்டி வந்து சொன்னாலும் செல்லாது.

"ஓய் கன்னியப்பன், கரண்டு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வஸ்துகிட்ட நாமதான் கேட்டுண்டு போகணும்" என்பார்.

அப்போது மாகறல் பக்கம் ஒரு கிராமத்தில் தாமோதரன் என்று ஒருத்தர் அரிசி மில் வைத்திருந்தார். நெல் குத்தினால் உமி வரும் இல்லையா, அந்த உமியை எரித்துக் கரண்டு எடுக்கிறேன் என்று கிளம்பினார். பாய்லர் வைத்தார், இயந்திரம் வாங்கினார், புகைபோக்கி கட்டினார். இயந்திரத்துக்கு மாலையெல்லாம் போட்டாகிவிட்டது. ஆனால் அந்தக் கரண்டை எங்கள் சப்-ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் பிரயோசனம். அதற்கு லைன் வேண்டும். லைனுக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு இன்னொரு அனுமதி வேண்டும்.

அதுவரை செங்கல் சூளைக்காரர்களுக்கு உமியைக் கொடுத்துக்கொண்டிருந்தவர், எல்லாம் பாய்லருக்கு வேண்டும் என்று நிறுத்திவிட்டார். மில்லுக்குப் பின்னால் குவித்தார். பக்கத்து மில்லுகளில் இருந்தும் வாங்கிக் குவித்தார். கனெக்ஷன் வரவில்லை, உமி மட்டும் வந்துகொண்டே இருந்தது. மேடாக இருந்தது குன்றானது. காற்றடித்தால் கிராமத்தில் சோற்றுக்குள் உமி, கண்ணுக்குள் உமி. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அத்தனையும் நனைந்து அழுகிவிடும். நனைந்த உமி எரியாது. எரியாவிட்டால் மில், பாய்லர், தாமோதரன் எல்லாம் அவ்வளவுதான்.

அவர் எங்கள் ஆபீஸ் வாசலிலேயே குடியிருந்தார். "சார், கொஞ்சம் பாருங்க சார். மழ வர்றதுக்குள்ள முடிச்சிக் குடுங்க சார்" என்பார்.

ராகவன் சார்தான் அந்த ஃபைலை நகர்த்தினார். எப்படி நகர்த்தினார் என்று இலாகாவில் நிறைய பேர் நிறைய சொல்வார்கள். நான் கூடவே போனவன், எனக்குத் தெரியும். அவர் யாருக்கும் ஒரு பைசா தரமாட்டார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். மஞ்சள் பையில் இட்லிப் பொட்டலத்தோடு சென்னை பஸ் ஏறுவார். எங்கள் ஊர் இட்லி தெரியும் இல்லையா? மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்தது. ஃபைல் எந்த மேஜையில் தூங்குகிறதோ அந்த மேஜைக்கு எதிரே போய் உட்காருவார்.

"பாக்கலாம் சார். நாளைக்கு வாங்க" என்பார் மேஜைக்காரர்.

"பரவாயில்லை ஸ்வாமி. நான் இருக்கேன்."

இருந்துகொண்டு பொட்டலத்தைப் பிரிப்பார். சுக்கு வாசனை மேஜை மேஜையாகப் போகும். எழுதுகிறவர் நிறுத்துவார். தூங்குகிறவர் எழுந்திருப்பார்.

"இன்னா சார் அது? ரொம்ப நல்லாருக்கும்போல?"

"ஆமாம். ரொம்ப நன்னாருக்கும்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விள்ளல் வாயில் போடுவார். ஒருத்தருக்கும் ஒரு துணுக்குகூடக் கொடுத்தது கிடையாது. எனக்கே கொடுத்தது கிடையாது. கூடப் போன பாவத்துக்கு நான் வெளியே போய் வடை தின்பேன். அவர் ஒரு இட்லியை அரை பகல் சாப்பிடுவார். கடைசியில் மேஜைக்காரர் பசி தாங்காமல் கையெழுத்தைப் போட்டுத் தள்ளி, சாப்பிடப் போய்விடுவார். இப்படியே மேஜை மேஜையாக ஃபைல் நகர்ந்தது.

அதற்கு நடுவிலேயே லைன் போகிற வழியை அளக்க சர்வே ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் ஒரு கோல் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது. தூரத்திலிருந்து கருவி வழியாகப் பார்க்க அடையாளத்துக்கு நடுவார்கள். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே உமிக்குன்று மறைத்தது. என்ன செய்வார்கள்? குன்றின் உச்சியில் ஏறிக் கோலை ஊன்றி அளந்தார்கள். அதற்குள் வேறு ஊரில் அவசர வேலை என்று கூப்பிட, கோலை அப்படியே விட்டுவிட்டு ஜீப் ஏறிவிட்டார்கள்.

நீங்களே சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை எங்கே இருக்கும்? கோயில் மதில் சுவரில் இருக்கும். வேறு எங்கே இருக்கும்?

முதலில் மங்கம்மாதான் பார்த்தாளாம். ஆடு மேய்க்கிறவள், நாற்பது வயசு இருக்கும், ஊரே கேட்கிற மாதிரி குரல். மேட்டடியில் அவள் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தபோது உச்சியில் பட்டை போட்ட கோல். "யார்ரா சாமி நீ? என் ஆட்டைக் காட்டு" என்றிருக்கிறாள். ஆடு மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டது. அவ்வளவுதான். மறுநாள் மஞ்சள் துணி, அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழம், அப்புறம் ஆடிக்கூழ். ஃபைல் ஒவ்வொரு மேஜையாக நகர நகர, இங்கே சாமி ஒவ்வொரு படியாக வளர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் கம்பம் நட்டது, கம்பி இழுத்தது எல்லாம் ரோட்டுப் பக்கம். பின்னாலே என்ன நடக்கிறது என்று எவன் பார்த்தான்?

கடைசியில் லைன் முடிந்து, இயந்திரத்தை ஓட்டி எங்கள் லைனோடு சேர்க்கிற நாள் வந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சேர்த்துவிட வேண்டும் என்று சென்னையில் அனுமதி. தவறினால் மறுபடி முதல் மேஜையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வானம் வேறு கருக்கிக்கொண்டு வந்தது. மில் ஆட்கள் பாய்லருக்கு உமி அள்ளக் கூடையும் மண்வெட்டியுமாகப் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

போய்ப் பார்த்தால் மேட்டைச் சுற்றிப் பாதி ஊர் நிற்கிறது. முன்னால் மங்கம்மா, இடுப்பில் கை.

"சாமி மலைய எரிக்கப் போறீங்களா? இன்னா திண்ணக்கம்?"

ராகவன் சார் மேலே பார்த்தார். கோல் தெரிந்தது. மஞ்சள் துணி, மாலை, உச்சியில் சந்தனம். என் பக்கம் திரும்பினார்.

"ஓய், அது நம்ம கோல்தானே?"

"ஆமா சார். நம்ம சர்வே கோலுதான்."

அவர் மங்கம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, கோவிச்சுக்காதீங்கோ. அது அளக்கறதுக்கு வெச்ச கோல். மறந்துட்டுப் போயிட்டா."

"நீங்க அளக்க வெச்சீங்க. அவரு நின்னுட்டாரு" என்றாள் மங்கம்மா.

ராகவன் சார் திரும்பினார். தாமோதரனைப் பிடித்தார். "ஓய், உம்ம மில்லு, உம்ம உமி. இது சாமி இல்லேன்னு நீரே சொல்லும்."

தாமோதரன் கை தலைக்குப் போனது. அன்றைக்கு என்னவோ தலையில் துண்டு கட்டியிருந்தார். மெதுவாக அதை அவிழ்த்தார். உள்ளே மொட்டை. சந்தனம்கூடக் காயவில்லை.

"கனெக்ஷன் வந்தா மொட்ட போடறேன்னு வேண்டிக்கினேன் சார். வந்துட்சி."

"அப்போ நான் சென்னைக்கு இட்லி தூக்கிண்டு அலைஞ்சது?"

"நீங்க அலையணும்னுதான் சார் வேண்டிக்கினேன்."

கூட்டத்தில் எவனோ சிரித்தான். நானும் சிரித்துவிட்டு இருமுவது போல் நடித்தேன். ராகவன் சார் என்னைப் பார்த்து, "தீர்த்தம் சாப்பிடறேளா?" என்றார்.

"மேல போயிப் பாருங்க சார். சும்மா பேசாதீங்க" என்றாள் மங்கம்மா.

உமியில் ஏறுவது தண்ணீரில் ஏறுவது மாதிரி. ஒரு அடி வைத்தால் இரண்டு அடி வழுக்கும். ராகவன் சார் இடுப்பு வரை புதைந்து புதைந்து ஏறினார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். மேலே போய் நின்று கோலைப் பார்த்தார். வெள்ளை, சிவப்பு, வெள்ளை. நெற்றியைத் துடைக்கப் போன கை அவருடைய நாமத்திலேயே நின்றுவிட்டது. மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கீழே வந்ததும் குரல் மாறிவிட்டது. "ஓய் கன்னியப்பன், எரிக்கறதா வேண்டாமாங்கறது அப்புறம். லைன் கிளியர் இல்லாம ஒரு உமியைத் தொடப்படாது."

"சாமிகிட்ட எப்டி சார் லைன் கிளியர் வாங்கறது?"

"ஏன், எங்க கோயில்ல பண்றதில்லையா? திருப்பணி நடக்கும்போது மூர்த்தியோட சக்தியைக் கலசத்துல இறக்கி, சின்னதா வேற இடத்துல வெச்சுப் பூஜை பண்ணுவா. வேலை முடிஞ்சதும் திரும்ப ஏத்துவா. பாலாலயம்னு பேரு. நாம பண்றதும் அதான், அவா பண்றதும் அதான். எர்த் ராடு மட்டும்தான் இல்லை." மங்கம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கதான் ஆபரேட்டர். நீங்க குடுத்தாத்தான் உண்டு."

மங்கம்மாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. முதுகு நிமிர்ந்தது. "பூ வெச்சுக் கேக்கணும். வலப்பக்கம் வுழுந்தா எடு. எடப்பக்கம் வுழுந்தா தொடாத. வுழலன்னா காத்துக்கினு இரு."

"எவ்வளவு நாழி ஆகும்?"

"பாக்கலாம்."

நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தையை எத்தனை மேஜையில் கேட்டிருக்கிறோம்!

மேலே ஏறி, உமியில் பாதி புதைந்திருந்த கோலின் உச்சியில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தாள். அது விழவில்லை. எப்படி விழும்? மாசக்கணக்காகப் பூசின சந்தனமும் எண்ணெயும் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. காற்று அடித்தது, எங்கள் தலையெல்லாம் உமி, பூ அசையவில்லை. மேற்கே இடி இடித்தது. தாமோதரன் மொட்டையைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார், பூவைப் பார்ப்பார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ராகவன் சார் மறுபடி மேட்டின்மேல் ஏறி, மங்கம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லியைப் பிரித்தார். வேறு எந்த வழியும் அவருக்குத் தெரியாது. சுக்கு வாசனை கிளம்பியது.

"எனக்கு இன்னிக்கு விரதம்" என்றாள் மங்கம்மா, மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

சார் கையிலிருந்த விள்ளலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான் சத்தியமாக எதிர்பார்க்காததைச் செய்தார். மீதி இட்லி முழுவதையும் இலையோடு எடுத்துக் கோலின் அடியில் வைத்துக் கும்பிட்டார். இலாகாவில் தலைமை இன்ஜினியருக்கே கிடைக்காத இட்லி!

கும்பிட்டு நிமிர்வதற்குள் மங்கம்மாவின் கிடா ஒன்று மூச்சு வாங்க மேலே ஏறி வந்துவிட்டது. மந்தாரை இலையை ஒரே இழுப்பு. இலை வராமல் சிக்க, தலையால் கோலை ஒரு முட்டு. பூ விழுந்தது.

"வலம்!" என்று கத்தினார் தாமோதரன்.

"எடம்!" என்றது கூட்டத்தில் பாதி. மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இது இடம், இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு வலம். கைகலப்பு வருகிற மாதிரி ஆகிவிட்டது.

ராகவன் சார் கையைத் தூக்கினார். "சித்த இருங்கோ. வலம்னா யாரோட வலம்? நம்மளோடதா, சாமியோடதா?"

"சாமியோடதுதான்" என்றாள் மங்கம்மா.

"சாமிக்கு முகம் எந்தப் பக்கம்?"

மங்கம்மா கோலைச் சுற்றி வந்தாள். எல்லாப் பக்கமும் ஒரே பட்டை. இன்னொரு தரம் சுற்றினாள்.

"சுத்தியும் மொகந்தான்."

"அப்படின்னா சுத்தியும் வலம்தானே?"

மங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கருமேகத்தைப் பார்த்தாள். கீழே தாமோதரனைப் பார்த்தாள். "சரி, எடுத்துக்கோ. ஆனா அடியோட வழிச்சி எடுக்கக் கூடாது. சாமி காலடிக்குன்னு எப்பவும் கொஞ்சம் மேடு நிக்கணும்."

"நம்பர் சொல்லுங்கோ."

"இன்னா நம்பரு?"

"லைன் கிளியர்னா நம்பர் உண்டு."

அவள் யோசித்து, சுற்றிலும் தன் ஆடுகளைப் பார்த்து, "ஆறு" என்றாள்.

"ஆறு" என்று சார் திருப்பிச் சொன்னார். செம்புத் தண்ணீரில் மாவிலை போட்டு, கோலிலிருந்து செம்புக்கு ஒரு நூல் கட்டி, தனக்குத் தெரிந்த சுலோகத்தைச் சொன்னார். மங்கம்மா அவள் பங்குக்கு, "எறங்கி வா சாமி, தாமோதரண்ணன் வேப்பமரத்தாண்ட எடம் குடுத்துக்கிறாரு" என்றாள். கோலை நான்தான் பிடுங்கினேன். மேளம் இல்லாத குறைக்கு எவனோ உமிக்கூடையைத் தட்டினான்.

அதற்கப்புறம் ஊரே சேர்ந்து உமி அள்ளியது. பாய்லர் பிடித்தது. கண்ட்ரோல் ரூமில் எங்கள் கரண்டும் மில் கரண்டும் ஒரே தாளத்துக்கு வருகிறதா என்று காட்டுகிற முள் சுற்றிச் சுற்றி மெதுவாகி, உச்சிக்கு வந்தது. "விடு!" என்றார் சார். பொத்தென்று ஒரு சத்தம். சேர்ந்துவிட்டது. அதே நேரம் வெளியே தூறல் போட்டது. மேட்டின்மேல் தார்ப்பாய் இழுத்தோம்.

தாமோதரன் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். ஊர் ஜனங்கள் மட்டும் வீட்டுக்குப் போய் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"இன்னா சார், அதே வெளிச்சமாத்தான் எரியுது? இதுக்கா இவ்ளோ?"

தை அறுவடைக்குப் பிறகு புது உமி வந்து மேடு பழையபடி ஆனது. அதற்குள் ராகவன் சாருக்கு வேறு ஊர் மாற்றல். ஆனாலும் பஸ் பிடித்து வந்தார். வாங்கினவன்தானே திருப்பித் தர வேண்டும்! மங்கம்மா எதிரே கை கட்டி நின்று, "வேலை முடிஞ்சுது. ஆட்கள் எல்லாம் இறங்கியாச்சு. நம்பர் ஆறு" என்றார்.

"ஆறு இல்ல சார், எட்டு. ரெண்டு குட்டி போட்டுட்சி."

ராகவன் சார் குட்டிகளை ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். அப்புறம் "எட்டு" என்று பணிவாகத் திருத்திச் சொன்னார். மங்கம்மா ஏற்றுக்கொண்டாள். ஆனால் சாமி மேட்டுக்குத் திரும்பவில்லை. வேப்பமரத்து நிழல் பிடித்துப்போய்விட்டதாம். அவளே சொன்னாள்.

மில் இன்றைக்கும் ஓடுகிறது. தாமோதரன் மகன் பார்த்துக்கொள்கிறான். சாமிக்கு மட்டும் விளக்கில்லை. மங்கம்மா சின்னதாக ஒரு சோலார் பலகை வாங்கி, லைனோடு சேர்த்துக் கொடுங்கள் என்று சாமி பேரிலேயே மனு போட்டிருக்கிறாள். மனுதாரரின் தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு மின்சார ஆபீசில் யாரையாவது தெரிந்திருந்தால் தயவுசெய்து காதில் போட்டு வையுங்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள். அந்த மனு கிடக்கிற மேஜையில் யாராவது எலுமிச்சம்பழம் வைப்பதற்குள்.